பால் திரிந்தால் கூலியில் கை வைப்பதா?

இரும்புலியூரில், பைபாஸ் ரோடு வந்து ஜி.எஸ்.டி. ரோட்டோடு சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருக்கிறது. டீ, வடை, பால் பாக்கெட், தயிர், சோடா, ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே கிடைக்கும். திருவண்ணாமலை ஜில்லாவில் ஒரு கிராமத்திலிருந்து பிழைக்க வந்த இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். தாயும் தகப்பனும் ஊரில் விவசாயக் கூலிகள். அதிகாலை நாலு மணிக்குப் பால் டப்பை இறக்குவதிலிருந்து இரவு பத்து மணிக்குக் கடையைக் கழுவி விடுவது வரை எல்லாம் இவர் தலையில்தான்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், பிரிட்ஜில் இருந்த பால் அத்தனையும் திரிந்து போயிற்று. தயிர் பாக்கெட்டுகள் உப்பிவிட்டன. பிரீசரில் இருந்த ஐஸ்கிரீம் கூழாகிவிட்டது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டார் முதலாளி. அந்த வாரக் கூலியில் ஆயிரத்து இருநூறைப் பிடித்துக்கொண்டார். "நீ கதவைத் திறந்து திறந்து மூடினாய், அதனால்தான் கெட்டது" என்றாராம். மீதி அறுநூறைப் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்ததாகவும் சொன்னாராம்!

அந்த வாலிபர் யூனியன் ஆபீசுக்கு வந்து நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, கதவைத் திறக்காம பாலை எப்படி எடுக்கிறது?"

கோடை வந்தால் இப்படி ஒரு புகார் நம் ஆபீஸ் படி ஏறாத வருஷம் கிடையாது. ஒரு வருஷம் கறிக்கடை, ஒரு வருஷம் மீன் கடை, ஒரு வருஷம் ஐஸ்கிரீம் வண்டி. யந்திரம் படுத்துவிடும், சரக்கு கெட்டுவிடும், பக்கத்தில் நின்ற கூலிக்காரன் குற்றவாளி ஆகிவிடுவான். நாமும் இதுவரை "பிடித்தம் அநியாயம்" என்று பொதுவாகச் சண்டை போட்டு வந்தோமே தவிர, யந்திரம் ஏன் படுத்தது என்று கேட்டதில்லை. அது நம் தவறு. நோய் எங்கே என்று சொல்லத் தெரியாதவரை, முதலாளி சொல்வதுதான் நோய் என்று ஆகிவிடுகிறது. இந்தத் தடவை குளிர்பதன வேலை தெரிந்த மெக்கானிக் தோழர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கடைக்கே போனோம். அங்கே கண்டதையும் கற்றதையும் மில்களிலும் வயல்களிலும் உழைக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று இப்படிப்பட்ட கடைகளில்தானே நிற்கிறார்கள்?

முதலில் ஒரு விஷயம். பிரிட்ஜ் குளிர்ச்சியை உற்பத்தி செய்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது செய்வது இறைப்பு வேலை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். மண்பானையில் கசிந்த நீர் காற்றில் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? அதே மாதிரி, பெட்டிக்குள் இருக்கும் குழாயில் ஒரு திரவம் கொதித்து ஆவியாகிப் பால் பாக்கெட்டின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து நெருக்கிப் பின்பக்கத்துக் கம்பி வலைக்குள் தள்ளுகிறது. கண்டென்சர் என்று சொல்லும் அந்த வலையில், ஆவி தன் சூட்டை வெளிக்காற்றில் கொட்டிவிட்டு மறுபடியும் திரவமாகி உள்ளே போகிறது. பிரிட்ஜின் பின்னால் கை வைத்தால் சுடுவது அதனால்தான்.

கிணற்றில் ஏற்றம் இறைத்த பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் மேலே நிற்கும்போது ஒரு ஆள் சுலபமாக இறைப்பான். கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனால் அதே ஆள் இரட்டிப்புப் பாடுபட்டும் வயலுக்குப் பாதித் தண்ணீர்தான் வரும். பிரிட்ஜின் கிணறும் கோடையில் ஆழமாகிறது. பெட்டிக்குள் இருக்கும் குழாய் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் வேலை செய்கிறது என்று வையுங்கள். சூடு தானாக வெளியேற வேண்டுமானால், பின்பக்கத்து வலை சுற்றியுள்ள காற்றைவிடச் சுமார் 12, 13 டிகிரி அதிகமாகக் காய வேண்டும். மார்கழியில் காற்று 28 டிகிரி என்றால் வலை 40 டிகிரியில் காயும்; அப்போது இறைப்பு 50 டிகிரி உயரம். அக்கினி நட்சத்திரத்தில் காற்று 42 டிகிரி என்றால் வலை 55க்குப் போக வேண்டும். இறைப்பு 65 டிகிரி உயரம். பழுதே இல்லாத யந்திரத்துக்கும் அதே சூட்டை இறைக்க முப்பது சதம் அதிக மின்சாரம் வேண்டும் என்று பௌதிகக் கணக்குச் சொல்கிறது. ஆர்-134ஏ என்ற கேஸ் ஓடும் பெட்டியில், வலைப் பக்கத்து அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 133 பவுண்டிலிருந்து 200 பவுண்டுக்கு ஏறிவிடுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் கம்ப்ரசர் தள்ள வேண்டும்.

சுமை அதோடு நிற்கவில்லை. உள்ளே 4 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் பெட்டியின் சுவர் வழியாகச் சூட்டை உள்ளே தள்ளும் வித்தியாசம் 26 டிகிரி. வெளியே 42 ஆனால் அது 38. கசியும் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. கசிவு கூடுகிறது, இறைக்கும் சக்தி குறைகிறது. ஒரு கட்டத்தில் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் உள்ளே சூடு ஏறத் தொடங்குகிறது. அதற்கும் மேலே போனால், கம்ப்ரசர் எரிந்துவிடாமல் இருக்க வைத்திருக்கும் ஓவர்லோடு 'டிக்' என்று கழன்று அதை நிறுத்திவிடும். ஆறிய பின் மறுபடி ஓடும், மறுபடி 'டிக்'. கடையில் இந்தச் சத்தம் கேட்டால், பெட்டி மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம்.

வெயில் எவ்வளவு என்று சிலர் கேட்கலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாயிற்று. இந்தக் கணக்கை எடுப்பது எங்கே? காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், நிழலில். இரும்புலியூர் டீக்கடையில் நிழலும் கிடையாது, காற்றோட்டமும் கிடையாது. மேலே தகரம், முன்னால் தார் ரோடு, பக்கத்தில் நாள் முழுதும் எரியும் அடுப்பு. மெக்கானிக் தோழர் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு அது காட்டியது 49 டிகிரி!

இந்தப் பெட்டி எத்தனை டிகிரிக்காகச் செய்யப்பட்டது? வீட்டு உபயோகப் பிரிட்ஜ்களின் பின்பக்கத் தகட்டில் ஒரு எழுத்து இருக்கும். 'என்' என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை தாங்கும், 'எஸ்.டி.' என்றால் 38 வரை. 'டி' என்றால் 43 வரை. கடைகளில் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிகளுக்கு உலக அளவில் வேறொரு சோதனை முறை உண்டு. அதில் மூன்றாம் வகுப்புச் சோதனை 25 டிகிரி அறையில், நாலாம் வகுப்பு 30 டிகிரியில், ஐந்தாம் வகுப்பு 40 டிகிரியில் நடக்கும். ஏ.சி. போட்ட பெரிய கடைக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டி போதும். தகரக் கூரைக்குக் கீழே அதை வைத்தால் அது என்ன செய்யும், பாவம்! நாம் பார்த்த பெட்டி, யாரோ வீட்டில் பயன்படுத்திவிட்டுப் பழைய விலைக்கு விற்றது. தகட்டில் எழுத்து 'என்'. அதாவது 32 டிகிரிக்குப் பிறந்த பெட்டியை 49 டிகிரியில் நிறுத்தியிருந்தார்கள். அதற்கும் பொறுப்பு, கதவைத் திறந்து மூடிய பையன்தான்!

மெக்கானிக் தோழர் உடனே திருப்புளியைத் தூக்கவில்லை. முதலில் பார்த்தார், கேட்டார், தொட்டார். நமக்குப் பிடித்த முறை அது.

பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. இடுக்கில் அட்டைப் பெட்டிகள் திணித்திருந்தார்கள். வலை முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருந்தன. ஸ்பின்னிங் மில் தோழர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சுத் தூசி அடைத்த மோட்டார் எப்படிக் காயும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுப்பெண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து அதே வேலையை இங்கே செய்கின்றன. சூட்டைக் கொட்ட வேண்டிய இடத்துக்குக் கம்பளி போர்த்தி வைத்தால் எங்கே கொட்டுவது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து எடுத்தோம். ஒரு முறம் குப்பை வந்தது. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும் என்றார். தண்ணீரை ஊற்றிக் கழுவும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும் பழக்கம்; கம்ப்ரசர் பக்கத்திலேயே மின்சாரக் கம்பிகள் இருக்கின்றன.

பிறகு கதவு. ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தார். இழுத்ததும் வந்துவிட்டது. கதவு ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. நல்ல ரப்பராக இருந்தால் காகிதம் இறுகப் பிடிக்கும். நம் ஊர்க் காற்று வெறும் சூட்டுக் காற்று அல்ல, ஈரக் காற்று. வெடிப்பு வழியே புகும் ஈரம் உள்ளே குழாயில் பனியாகப் பிடிக்கிறது. அந்தப் பனி விரற்கடைக் கனமானால் சூடு குழாய்க்குப் போய்ச் சேராது. "குளிர் பத்தலை" என்று திருகியைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவார்கள். அதனால் பெட்டி வேகமாகக் குளிராது. நிற்காமல் ஓடும், பனிதான் இன்னும் ஏறும். பனியைக் கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தால் கேஸ் முழுவதும் போச்சு. சரக்கை வேறிடத்தில் வைத்து, இரவு முழுக்க நிறுத்தி, தானாக உருக விட வேண்டும்.

பால் அடுக்கிய விதமும் சரியில்லை. பாக்கெட்டுகளை இடைவெளி இல்லாமல் சுவர் வைத்த மாதிரி அடுக்கியிருந்தார்கள்; உள்ளே குளிர்காற்று சுற்ற வழியில்லை. நண்பகலில் வெயிலில் கிடந்த சோடா பாட்டில்களை ஒரு கிரேட் அப்படியே உள்ளே தள்ளுவதும் உண்டாம். வெந்நீராகக் கிடந்த இருபத்துநாலு பாட்டில்களின் சூட்டை யார் இறைப்பது? இரவில் வைத்தால் விடிவதற்குள் குளிர்ந்துவிடும். இது நம் வாலிபர் திருத்திக்கொள்ளக்கூடிய விஷயம். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் நண்பகலில் பாட்டிலை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டபோது முதலாளி வேறு பக்கம் பார்த்தார்.

மிகப் பெரிய வியாதி கரண்டில் இருந்தது. மூன்று மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால் 186 வோல்ட். வர வேண்டியது 230. ஊரெல்லாம் ஏ.சி. ஓடும் நேரம் அது. வோல்ட் குறைந்தால் மோட்டாரின் புறப்படும் வலு அதே விகிதத்தில் குறைவதில்லை, வர்க்க விகிதத்தில் குறைகிறது. 186 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுகிறது. எதிரே 200 பவுண்டுக்கு மேல் அழுத்தம், கையில் மூன்றில் இரண்டு பங்கு வலு. கம்ப்ரசர் புறப்பட முடியாமல் உறுமுகிறது, அதிகக் கரண்டை இழுத்துக் காய்கிறது, 'டிக்'. இந்த லட்சணத்தில் கிரைண்டரும் பிரிட்ஜும் ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில்! தனிப் பிளக் பாயிண்டும் தகுந்த ஸ்டெபிலைசரும் இல்லாமல் கோடையைக் கடக்க முடியாது. கரண்ட் போய் வந்தால் உடனே சுவிட்சைப் போடாமல் ஐந்து நிமிஷமாவது பொறுக்க வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் சமமானால்தான் மோட்டார் புறப்படும்.

இங்கே கேஸ் விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெட்டி குளிரவில்லை என்றால் "கேஸ் குறைஞ்சுபோச்சு, ஏத்தணும்" என்று சொல்லிப் பணம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் இந்தக் கடையிலும் அதுதான் நடந்திருக்கிறது. பிரிட்ஜில் கேஸ் என்பது ஸ்கூட்டரில் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. ஓட்டை இல்லாதபோது ஏற்றினாலோ, அதிகக் கேஸ் அதிக அழுத்தம். கோடையில் கம்ப்ரசருக்கு யமன். எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்ரசர் ஓடும்போது பின்வலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வலை நெருப்பாகக் காய்ந்தால் பெரும்பாலும் தூசி, காற்றடைப்பு, அல்லது அதிகக் கேஸ். கம்ப்ரசர் ஓடியும் வலை வெதுவெதுப்பாகவே இருந்தால்தான் கேஸ் கசிவையோ கம்ப்ரசர் தேய்வையோ சந்தேகிக்க வேண்டும். நம் பெட்டியின் வலை கை வைக்க முடியாமல் காய்ந்தது. எண்ணூறு ரூபாய் கொடுத்து வியாதியை வாங்கியிருந்தார் முதலாளி.

அதற்காக மெக்கானிக் வர்க்கத்தை நாம் பழிக்கவில்லை. நடுப்பகலில் மொட்டை மாடியில் ஏறி வெயிலில் வேலை செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு விபத்துக் காப்பீடு யார் கொடுக்கிறார்கள்? ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி பழைய ஆர்-22 கேஸ் 2030க்குள் வழக்கொழிய வேண்டும். புதிய சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 வருகிறது. அது புரொப்பேன், தீப்பற்றும் வாயு. பழைய பழக்கத்தில் டார்ச்சைக் கொளுத்திக்கொண்டு அந்தக் குழாயைப் பற்றவைக்கப் போனால் உயிர் போகும். புதுக் கேஸைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனிகள், தெருவோர மெக்கானிக்குக்கும் அதைக் கையாளும் பயிற்சி கொடுக்கட்டும்.

இப்போது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வருவோம்.

சரக்கு கெட்டால் கூலியில் பிடிக்கலாமா? 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. தொழிலாளியின் காவலில் வெளிப்படையாக ஒப்படைத்த சரக்காக இருக்க வேண்டும். நஷ்டம் அவருடைய அஜாக்கிரதையால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். நஷ்டத் தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த நான்கு சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பு, அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியவர்கள் நாம். அந்த எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஊதியத் தொகுப்பின் 18ஆம், 21ஆம் பிரிவுகளில் மேற்சொன்ன வரம்பு உயிரோடிருக்கிறது. கையில் கிடைத்த கம்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மொத்தப் பிடித்தம் கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இதை 'பாதி வரை தாராளமாகப் பிடிக்கலாம்' என்று படிக்கும் கெட்டிக்கார முதலாளிகளும் உண்டு. அவர்களுக்கு 21ஆம் பிரிவை வாசித்துக் காட்ட வேண்டும்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது: அஜாக்கிரதை. யாருடைய அஜாக்கிரதை? 32 டிகிரிப் பெட்டியை அடுப்படியில் வைத்தது பையனா? சுவரோடு ஒட்டி நிறுத்தியது பையனா? காய்ந்த ரப்பரை மாற்றாமல் விட்டது பையனா? கரண்ட் 186க்கு இறங்கியது பையனாலா? பெட்டியின் நோயைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். தெரியாவிட்டால் "கதவைத் திறந்தாய்" என்ற ஒரே குற்றச்சாட்டின் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். ஆகவே கடைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது: நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாலுக்கு 4, 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எட்டு, பத்து என்று ஏறினால் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள், சொன்ன தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். பால் திரிந்த பிறகு நடக்கும் விசாரணையில் அந்த நோட்டு உங்கள் சாட்சி.

நம் பேச்சைக் கேட்டுவிட்டு அந்த முதலாளியை ஏதோ பெரிய மூலதனக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரும் தினவட்டிக்குக் கடன் வாங்கிக் கடை நடத்துகிறவர். ஸ்டெபிலைசர் விலையைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியதை நாம் பார்த்தோம். சில கடைகளுக்குக் குளிர்பானக் கம்பெனிகள் தங்கள் பெயர் எழுதிய பெட்டியை 'இனாமாக'க் கொடுக்கின்றன. பெட்டி கம்பெனியுடையது, கரண்ட் பில் கடைக்காரருடையது, உள்ளே முன்வரிசையில் நிற்க வேண்டியது கம்பெனியின் பாட்டில்! மேலேயிருப்பவன் கடைக்காரரை நெருக்குகிறான். அவர் தனக்குக் கீழே இருக்கும் ஒரே ஆளை நெருக்குகிறார். அவர் கஷ்டம் நமக்குப் புரிகிறது. அதற்காக அதைப் பையனின் கூலியில் இறக்கி வைக்க நாம் சம்மதிக்க முடியாது.

கிராமத்துக்குப் போனாலும் இதே கதைதான். அந்த வாலிபரின் தாயார் ஒரு கறவை மாடு வைத்திருக்கிறார். சொசைட்டியில் ஊற்றும் பால் மொத்தக் குளிர்விப்பான் தொட்டிக்குப் போய் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். கோடைக் காலையில் கறந்த பால் வெயிலில் கேனோடு காத்துக் கிடந்தாலும், கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டாலும், புளித்த பால் என்று திருப்பி விடுவார்கள். மாட்டுக்காரருக்குக் காசு இல்லை. மகன் இரும்புலியூரில் எந்தக் குற்றத்துக்குக் கூலியை இழந்தாரோ, அதே குற்றத்துக்குத் தாயார் ஊரில் பால் காசை இழக்கிறார்.

பிரிட்ஜைச் செய்யும் தொழிலாளிகளின் நிலைமை என்ன? மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலை பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டெலிவிஷனும் செய்கிறது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், கூலி உயர வேண்டும் என்று அங்கே தோழர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவாயிற்று. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இதே மாதிரி கிராமங்களிலிருந்து வந்த கூலி விவசாயிகளின் பிள்ளைகள். பெட்டியைச் செய்பவரும் அவர் தம்பி, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரும் அவர் தம்பி.

இன்னொரு விஷயம் நம் கண்ணை உறுத்திற்று. பெட்டிக்கு 49 டிகிரி ஆகாது என்று இவ்வளவு பேசினோமே, அதே 49 டிகிரியில் பதினெட்டு மணி நேரம் நிற்கும் மனிதனுக்கு? பெட்டிக்காவது ஓவர்லோடு இருக்கிறது, தாங்க முடியாவிட்டால் தானாக நின்றுவிடும். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தக் கடையில் தேடிப் பார்த்தோம்; வாடிக்கைக்காரர் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது, பையனுக்கு ஒன்றும் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. நல்லதுதான். சாவதற்கு முன்னால் ஒரு ஸ்டூலும், நண்பகலில் இரண்டு மணி நேர ஓய்வும், ஒரு பானைத் தண்ணீரும் உண்டா என்பது நம் கேள்வி. மில்லில் நூல் அறுந்துவிடக் கூடாது என்று ஈரக்காற்று விடும் யந்திரம் வைப்பார்கள்; அந்தக் காற்றில் வேகும் ஆளைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. மில் தோழர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுதானே!

அன்று மாலை பெட்டியை அடுப்படியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்று கட்டினார்கள். ரப்பரை மறுநாள் மாற்றினார்கள். ஸ்டெபிலைசர் ஒன்றைத் தவணைக்கு வாங்கியிருக்கிறார்கள். குறைந்த வோல்ட் பற்றி அந்தத் தெருக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனு மின்சார ஆபீசுக்குப் போயிருக்கிறது. முதல் கையெழுத்து அந்த முதலாளியுடையது. நாலாம் நாள் பிற்பகல் நோட்டில் 6 டிகிரி என்று எழுதியிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு இறங்க வேண்டும். அந்த 'என்' பெட்டியால் அதற்கு மேல் முடியாது என்கிறார் மெக்கானிக் தோழர். நண்பகலில் பால் இருப்பைக் குறைத்துக்கொள்வதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிடித்த ஆயிரத்து இருநூறில் அறுநூறு திரும்பி வந்துவிட்டது. மீதி அறுநூறைப் பற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு அதே தெருவில் மற்ற ஐந்து கடைகளில் வேலை செய்யும் வாலிபர்களும் தங்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.